கண்ணால் கண்டதும் பொய்

ஒரு ரயில் ஜன்னலிலிருந்து ஆரம்பிப்போம்.

1932-ம் வருடம், கோடைக்காலம். பெர்லினிலிருந்து போலந்து வழியாக வந்த ரயில் ஒன்று எல்லையைத் தாண்டி உக்ரைனுக்குள் நுழைகிறது. அப்போது அது சோவியத் யூனியனின் ஒரு பகுதி. ஜன்னலோரத்தில் 26 வயது இளைஞர். பத்திரிகைக்காரர். முதல் தடவையாகச் சொர்க்கத்தைப் பார்க்கப் போகிற பரவசம் அவருக்கு. ஆமாம், அவரைப் பொறுத்தவரை சோவியத் ரஷ்யா என்பது சொர்க்கம்தான். ஏழை, பணக்காரன் என்கிற பேச்சே இல்லாத பூமி. அதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதத்தான் இந்தப் பயணம்.

ஸ்டேஷன் வருகிறது. ரயில் நிற்கிறது. பிளாட்பாரம் நெடுக விவசாயிகள். கையில் வீட்டுத் துணிமணிகள், பூஜை அறையில் வைத்திருந்த சாமி படங்கள். எல்லாவற்றையும் நீட்டி, பதிலுக்கு ஒரு ரொட்டி கிடைக்குமா என்று கேட்கிறார்கள். பெண்கள், தங்கள் கைக்குழந்தையை ஜன்னல்வரை தூக்கிக் காட்டுகிறார்கள். குச்சி குச்சியாகக் கை கால். வயிறு மட்டும் உப்பிக் கிடக்கிறது.

அடுத்த ஸ்டேஷன். அங்கேயும் அதே காட்சி. அதற்கடுத்த ஸ்டேஷனிலும்.

இளைஞர் திகைத்துப்போய் விசாரிக்கிறார். விளக்கம் தயாராக இருந்தது. இவர்கள் எல்லாம் குலக்குகள், அதாவது பணக்கார விவசாயிகள். கூட்டுப் பண்ணையில் சேர மறுத்த பிடிவாதக்காரர்கள். உழைப்பதைவிடப் பிச்சை எடுப்பதே மேல் என்று கிளம்பி வந்தவர்கள். இதுதான் அவருக்குச் சொல்லப்பட்டது.

உப்பிய வயிற்றோடு ஒரு பச்சைக் குழந்தை. அது பணக்கார விவசாயியா? நீங்களும் நானும் இப்படித்தான் கேட்டிருப்போம். அவர் கேட்கவில்லை. நம்பிவிட்டார்!

அந்த இளைஞரின் பெயர் ஆர்தர் கோஸ்லர். பின்னாளில், 'டார்க்னஸ் அட் நூன்' என்ற ஒரே ஒரு நாவலால் உலகத்தின் மனசாட்சியை உலுக்கியவர். நட்ட நடுப்பகலில் இருட்டு என்று அர்த்தம். பட்டப்பகலில் பார்த்ததைக்கூடப் பார்க்காத ஒரு மனிதர், இருட்டறையில் உட்கார்ந்து உண்மையைக் கண்டுகொண்ட கதை இது.

*

யார் இந்த கோஸ்லர்?

1905 செப்டம்பர் 5-ம் தேதி புடாபெஸ்ட்டில் பிறந்தவர். யூதக் குடும்பம், ஒரே பிள்ளை. முதல் உலகப் போருக்குப் பிறகு குடும்பம் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தது. எஞ்சினீயரிங் படிக்கச் சேர்த்தார்கள். பையன் நன்றாகத்தான் படித்தான். ஆனால் 1925-ல் ஒருநாள், பல்கலைக்கழகத்தில் படித்ததற்கு அத்தாட்சியாக இருந்த பதிவுப் புத்தகத்தை எடுத்துத் தீ வைத்துக் கொளுத்திவிட்டான். அது இல்லாமல் பட்டம் வாங்க முடியாது. தெரிந்தேதான் செய்தான். திரும்பிப் போக ஒரு கதவு திறந்திருக்கிறதே என்ற நினைப்பே அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆயுசு பூராவும் இந்த மனுஷனின் சுபாவம் அதுதான்.

1926-ல் பாலஸ்தீனம். யூதர்களுக்கு ஒரு நாடு அமையப் போகிறது, மண்வெட்டி பிடித்து அதை உருவாக்குவோம் என்ற கனவு. கூட்டுப் பண்ணையில் சேர்ந்தார். சில வாரம் கல் பொறுக்க வைத்துப் பார்த்துவிட்டு, நீ சரிப்பட மாட்டாய் என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் கிடைத்த வேலையெல்லாம் செய்து, பல நாள் பட்டினி கிடந்து, அடிபட்டு, கடைசியில் பத்திரிகையில் ஒதுங்கினார். எழுத்து வந்தது. 1927-ல் ஜெர்மனியின் மாபெரும் பத்திரிகைக் குழுமமான உல்ஸ்டைன் அவரை ஜெருசலேம் நிருபராக நியமித்தது.

அதன் பிறகு ஏறுமுகம்தான். 1929-ல் பாரிஸ். 1930-ல் பெர்லின், அறிவியல் பகுதிக்கு ஆசிரியர். 1931-ல் 'கிராஃப் செப்பலின்' என்ற ராட்சத ஆகாயக் கப்பல் வடதுருவப் பகுதிக்குப் பறந்தபோது, பத்திரிகையாளராக அதில் போனவர் கோஸ்லர். 25 வயது. கை நிறையச் சம்பளம். வேறென்ன வேண்டும்?

ஆனால், அவர் பெர்லினில் வந்து இறங்கிய தேதியைக் கவனியுங்கள். 1930 செப்டம்பர் 14. ஜெர்மனியில் தேர்தல் நாள். அதுவரை நாடாளுமன்றத்தில் வெறும் 12 இடம் வைத்திருந்த நாஜிக் கட்சி, ஒரே தாவாக 107 இடத்துக்குத் தாவிய நாள்!

ஹிட்லர் வந்துகொண்டிருந்தார். தடுக்கப் போவது யார்? நடுநிலைவாதிகள் பேசிக்கொண்டே இருந்தார்கள். தெருவில் இறங்கி மோதியது கம்யூனிஸ்ட்டுகள் மட்டும்தான் என்று கோஸ்லருக்குப் பட்டது. 1931 டிசம்பர் 31, புத்தாண்டுக்கு முந்தின நாள், கட்சியில் சேர விண்ணப்பம் எழுதினார். அப்போதைய ஐரோப்பாவில் நல்ல நெஞ்சம் படைத்த ஆயிரக்கணக்கான படிப்பாளிகள் எடுத்த முடிவு அது. அதை இன்றைக்கு உட்கார்ந்து கேலி செய்வது சுலபம்.

சேர்ந்த கையோடு, பத்திரிகை ஆபீஸில் காதில் விழுந்த அரசியல் சமாசாரங்களைக் கட்சிக்கு ரகசியமாக ஓதத் தொடங்கினார். விஷயம் வெளியே வந்தது. வேலை போயிற்று. அதற்குப் பிறகுதான் அந்த ரயில்.

*

1932-33 குளிர்காலத்தை கார்க்கிவ் நகரத்தில் கழித்தார் கோஸ்லர். பழைய சிநேகிதர் அலெக்ஸ் வைஸ்பெர்க் அங்கே விஞ்ஞானி. அவர் மனைவி ஈவா, கோஸ்லருக்குச் சின்ன வயதிலிருந்தே தோழி. பீங்கானில் அற்புதமான பாத்திரங்கள் வடிவமைப்பவர். இந்தத் தம்பதியை மறந்துவிடாதீர்கள். பிறகு வருவார்கள்.

நகரத்தைச் சுற்றிக் கிராமம் கிராமமாகச் செத்துக்கொண்டிருந்தது. உக்ரைனில் மட்டும் 30 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பசியால் மாண்ட வருடம் அது. வானம் பொய்த்ததால் வந்த பஞ்சமில்லை. விளைந்த தானியத்தை அரசாங்கமே வழித்துக்கொண்டு போனதால் வந்த பஞ்சம். காலையில் உள்ளூர்ப் பேப்பரைப் பிரித்தால், இத்தனை சதவிகித உற்பத்தி, அத்தனை டன் எஃகு என்று சாதனைப் பட்டியல். பஞ்சம் பற்றி? மூச்!

கோஸ்லரும் எழுதினார். 'வெள்ளை இரவுகளும் சிவப்புப் பகல்களும்' என்று பொருள் வரும் தலைப்பில் அவருடைய பயண நூல், 1934-ல் அதே கார்க்கிவில் வெளிவந்தது. நிறைய வெட்டுதான். ஆனால் தணிக்கை அதிகாரி வெட்டுவதற்கு முன்னாலேயே, ரயில் ஜன்னலில் பார்த்த குழந்தையை கோஸ்லரே மனசுக்குள் வெட்டி எறிந்திருந்தார்.

வேறு யாருமே எழுதவில்லையா? எழுதினார்கள். கேரத் ஜோன்ஸ் என்று வேல்ஸ் நாட்டு இளைஞர் ஒருவர். 1905 ஆகஸ்ட் 13-ல் பிறந்தவர். கோஸ்லரைவிட மூன்றே வாரம்தான் மூத்தவர். 1933 மார்ச்சில் மாஸ்கோவிலிருந்து கார்க்கிவுக்கு ரயிலேறி, பாதி வழியில் இறங்கி, கிராமங்கள் வழியாக நடந்தே போனார். குடிசைகளில் படுத்துறங்கினார். ரொட்டி இல்லை, செத்துக்கொண்டிருக்கிறோம் என்று ஊர் ஊராக ஜனங்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டார். பெர்லினுக்கு வந்ததும் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு, பார்த்ததை அப்படியே சொன்னார். 'நியூயார்க் டைம்ஸ்' நிருபர் வால்டர் டுராண்டி, அதெல்லாம் மிகைப்படுத்தல் என்று மறுப்பு எழுதினார். உலகம் டுராண்டியை நம்பியது. அவர் புலிட்சர் பரிசு வாங்கியவர் அல்லவா! ஜோன்ஸ் 30-வது பிறந்தநாளுக்கு முதல் நாள், சீனாவின் வடகோடியில் கொள்ளைக்காரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஒரே வயது. ஒரே தொழில். ஒரே பிரதேசம், ஒரே பஞ்சம். ஒருவர் பார்த்ததை எழுதினார். இன்னொருவர் எழுதவில்லை. கோஸ்லருக்குக் கண்ணில் கோளாறு இல்லை. கண்ணுக்கும் பேனாவுக்கும் நடுவே ஒரு நம்பிக்கை உட்கார்ந்திருந்தது. தீயது எதைப் பார்த்தாலும், அது பழைய காலத்தின் மிச்சம். நல்லது எதைப் பார்த்தாலும், அது எதிர்காலத்தின் விதை. இப்படி ஒரு சல்லடை மண்டைக்குள் இருந்துவிட்டால் போதும். எந்தப் பிணமும் கண்ணில் படாது.

அதே பயணத்தில் இன்னொன்றும் நடந்தது. பாக்கு நகரத்தில் நதேஷ்தா என்ற பெண்ணோடு காதல். ஒருநாள் கோஸ்லருக்கு வந்த தந்தி ஒன்று காணாமல் போனது. இவள் எடுத்திருப்பாளோ என்று ஒரு சின்ன சந்தேகம். கட்சிக்கு விசுவாசமானவன் என்ன செய்ய வேண்டும்? மேலிடத்தில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டார். ரகசிய போலீஸின் காதுக்குப் போன அந்தப் பெண்ணின் கதி என்னவாயிற்று என்பது கடைசிவரை அவருக்குத் தெரியவே இல்லை. 20 வருடங்களுக்குப் பிறகு சுயசரிதையில் இதை ஒப்புக்கொண்டார். அந்த வெட்கம் அவரைச் சாகும்வரை விடவில்லை.

*

1933 ஜனவரியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். யூதர், அதிலும் கம்யூனிஸ்ட். பெர்லினுக்கு இனி போக முடியாது. கோஸ்லர் பாரிஸுக்கு வந்து சேர்ந்தார். நாடில்லை, காசில்லை. கட்சியின் பிரசார மன்னர் வில்லி மூன்சென்பெர்க்கிடம் வேலை.

1936-ல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. ஜனநாயக அரசுக்கு எதிராக ஜெனரல் ஃபிராங்கோ கிளம்பினார். ஹிட்லரும் முசோலினியும் அவருக்கு உதவி. கோஸ்லர், லண்டன் 'நியூஸ் கிரானிக்கிள்' நிருபர் என்ற அடையாளத்தோடு ஃபிராங்கோவின் கோட்டையான செவில் நகருக்குள்ளேயே போய் உளவு பார்த்தார். பழைய பெர்லின் சகா ஒருவர் அடையாளம் கண்டுவிட, தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று ஜிப்ரால்டருக்கு ஓடி வந்தார்.

பாரிஸில் உட்கார்ந்து ஃபிராங்கோ படையின் அட்டூழியங்களைப் பற்றிப் புத்தகம் எழுதினார். எழுதியது போதாது என்றார் மூன்சென்பெர்க். இன்னும் காரம், இன்னும் ரத்தம் வேண்டும் என்றார். ஊர்ஜிதமாகாத கொடூரக் கதைகளும் உள்ளே சேர்ந்தன. நம் பக்கம் நியாயம் இருக்கிறது. கொஞ்சம் கூட்டிச் சொன்னால் என்ன தப்பு? பத்திரிகைக்காரனை வழுக்கி விழவைக்கிற வாழைப்பழத்தோல் இதுதான்.

1937 பிப்ரவரி. மலாகா நகரம் விழப் போகிறது. நிருபர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். ஏனோ கோஸ்லர் மட்டும் கிளம்பவில்லை. சர் பீட்டர் சால்மர்ஸ் மிட்செல் என்ற வயதான ஆங்கிலேய விலங்கியல் அறிஞரின் வீட்டில் தங்கிவிட்டார். 8-ம் தேதி நகரம் விழுந்தது. 9-ம் தேதி கைது. செவில் சிறை, 41-ம் எண் கொட்டடி.

மூன்று மாதம். தனிமைச் சிறை. எந்த நிமிடமும் சுடுவதற்காக அழைத்துப் போவார்கள் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். நள்ளிரவு தாண்டியதும் வராந்தாவில் பாதிரியாரின் மணிச்சத்தம். சாவி திரும்பும் ஓசை. யாரோ ஒரு விவசாயி அல்லது கூலித் தொழிலாளி, அம்மாவைக் கூப்பிட்டு அலறியபடியே இழுத்துச் செல்லப்படுவார். மறுநாள் காலை பக்கத்து அறை காலி. யாரும் தலைவர்கள் இல்லை. செய்தித்தாளில் எண்ணிக்கையாகக்கூட வராத ஆட்கள்.

கோஸ்லர் என்ன செய்தார் தெரியுமா? கட்டிலிலிருந்து பிய்த்த கம்பித் துண்டால் சுவரில் கணக்குப் போட்டார். பகா எண்கள் முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கும் என்று 2,000 வருடங்களுக்கு முன்பே யூக்ளிட் நிரூபித்தாரே, அந்தக் கணக்கு. எழுத எழுத, மனசுக்குள் ஒரு விவரிக்க முடியாத அமைதி பரவியது என்கிறார். நாளைக்குச் சாகப்போகிறோமே என்ற பயம்கூடச் சில்லறை விஷயமாகத் தெரிந்ததாம்.

ஆனால், அந்த அறையில் அவர் போட்ட பெரிய கணக்கு வேறு. கட்சியின் கணக்கில் ஒரு மனிதன் என்பவன், கோடி மனிதர்களைக் கோடியால் வகுத்தால் கிடைக்கிற விடை. லட்சியம் பெரிதாக இருந்தால் சில லட்சம் பேரைக் கழித்துக்கொள்ளலாம். மரண அறையில் உட்கார்ந்து பார்த்தபோது அந்தக் கணக்கு தப்பாக வந்தது. பக்கத்து அறையில் அழுகிறவன் ஒன்று என்கிற எண் இல்லை. அவன் முழுசு. அப்படியானால் அன்றைக்கு ரயில் ஜன்னலில் நீட்டப்பட்ட குழந்தை?

வெளியே, லண்டனில் அவருடைய மனைவி டோரதி ஓடி ஓடி ஆதரவு திரட்டினார். இத்தனைக்கும் இருவரும் பிரிந்து வாழ்ந்தவர்கள். எம்.பி.க்கள், எழுத்தாளர்கள் குரல் கொடுத்தார்கள். கடைசியில் ஒரு கைதிப் பரிமாற்றம். ஃபிராங்கோவின் விமானி ஒருவருடைய மனைவியை எதிர்த்தரப்பு விடுவிக்க, பதிலுக்கு கோஸ்லர் விடுதலை. 1937 மே மாதம்.

*

வெளியே வந்தால், மாஸ்கோவிலிருந்து வரிசையாகச் செய்திகள். புரட்சியை நடத்திய தலைவர்களையே ஸ்டாலின் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். 1938 மார்ச்சில் புகாரின். லெனினின் தோழர். நீதிமன்றத்தில் எழுந்து நின்று, எதிர்ப்புரட்சி சதியில் தனக்குப் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டார்! ஏன்? அடித்தார்களா? மருந்து கொடுத்தார்களா? உலகமே மண்டையைப் பிய்த்துக்கொண்டது.

கோஸ்லருக்கு இது பத்திரிகைச் செய்தி மட்டும் இல்லை. தோழி ஈவா 1936-லேயே கைதாகியிருந்தார். குற்றச்சாட்டு, ஸ்டாலினைக் கொல்லச் சதி. பீங்கான் கோப்பை செய்கிற பெண்! 16 மாதம் சிறை, பெரும்பாலும் தனிமையில். அலெக்ஸ் வைஸ்பெர்க் 1937-ல் கைது. அவருக்காக ஐன்ஸ்டைன் உள்பட விஞ்ஞானிகளைக் கடிதம் எழுத வைத்தார் கோஸ்லர். பலனில்லை. 1940-ல் ஸ்டாலினின் போலீஸ் அவரை ஹிட்லரின் கெஸ்டபோவிடமே ஒப்படைத்தது. அவர் உயிர் பிழைத்தது தனி அதிசயம்.

1938 வசந்த காலத்தில், பாரிஸில் நாடு கடந்த ஜெர்மன் எழுத்தாளர்களின் கூட்டத்தில் கோஸ்லர் பேசினார். எந்தக் கட்சியும் எந்தத் தலைவரும் தவறே செய்யாதவர் இல்லை என்றார். காலத்துக்கு உதவுகிற பொய்யைவிட, கெடுதல் செய்கிற உண்மையே மேல் என்றார். பாதி அரங்கம் கைதட்டியது. மீதிப் பாதி, அதாவது அவருடைய தோழர்கள், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஏழு வருட நட்பு வட்டம் அந்த ஒரு சாயங்காலத்தில் முடிந்தது. கட்சியை விட்டு விலகினார்.

பிறகுதான் நாவல். ருபஷோவ் என்ற பழைய புரட்சிக்காரர் நள்ளிரவில் கைதாகிறார். நாட்டின் பெயர் கிடையாது. தலைவரின் பெயர் கிடையாது. நம்பர் ஒன், அவ்வளவுதான். சிறையில் பக்கத்து அறைக்காரனோடு சுவரைத் தட்டித் தட்டிப் பேசுகிறார். அது எப்படி? 25 எழுத்துகளை, வரிசைக்கு 5 என்று சதுரமாக அடுக்கிக்கொள்ள வேண்டும். முதலில் தட்டுவது எந்த வரிசை; அடுத்துத் தட்டுவது அந்த வரிசையில் எத்தனையாவது எழுத்து. (நம்முடைய 247 எழுத்துக்கும் தட்டினால் சுவர் இடிந்துவிடும்!) இந்தச் சிறை விவரங்களில் பலவும் ஈவா சொன்னது. தூங்கவிடாமல், கண்ணெதிரே பளீரென்ற விளக்கை வைத்துக்கொண்டு நாள்கணக்காக விசாரணை. கடைசியில் ருபஷோவ் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். அடிக்குப் பயந்து இல்லை. கட்சிக்கு நீ செய்கிற கடைசிச் சேவை இது என்ற வாதத்துக்குக் கட்டுப்பட்டு! ஆயுசு பூராவும் அதே வாதத்தால்தான் அவர் மற்றவர்களைப் பலி கொடுத்திருக்கிறார். அப்படிப் பலியானவர்களில் ஒருத்தி, அவர் காதலித்த பெண்.

பாக்கு நகரத்து நதேஷ்தா ஞாபகம் வருகிறதா? செய்திக் கட்டுரையில் எழுதத் துணியாததை நாவலில் எழுதினார் கோஸ்லர். கற்பனை என்று பெயர் வைத்த பிறகுதான் அவரால் உண்மை பேச முடிந்தது.

*

அந்தக் கையெழுத்துப் பிரதி தப்பித்த கதை, நாவலைவிடப் பெரிய நாவல்.

1939-ல் உலகப் போர் ஆரம்பித்ததும், ஹிட்லரை எதிர்த்து ஓடிவந்த கோஸ்லரை, வேண்டாத வெளிநாட்டுக்காரர் என்று பிரான்ஸ் அரசாங்கம் பிடித்து லெ வெர்னே தடுப்பு முகாமில் போட்டது! 1940 ஜனவரியில் விட்டார்கள். பாரிஸ் வீட்டுக்கு வந்து, விட்ட இடத்திலிருந்து எழுதினார். எழுதியது ஜெர்மன் மொழியில். அதே வீட்டில், அவருடைய தோழி டாஃப்னி ஹார்டி என்ற இளம் ஆங்கிலேயச் சிற்பி, மொழிபெயர்ப்பு அனுபவம் எதுவும் இல்லாமலே அதை ஆங்கிலத்துக்கு மாற்றினார். ஒரே அறை, நடுவில் ஒரு திரைச்சீலை.

மே மாதத் தொடக்கத்தில் ஆங்கிலப் பிரதி லண்டனுக்குத் தபாலில் போனது. மே 10-ம் தேதி ஹிட்லரின் படை மேற்கே பாய்ந்தது. அதோடு ஜெர்மன் மூலம் தொலைந்தது.

கோஸ்லர் ஓடினார். ஆல்பெர்ட் டுபெர்ட் என்ற பொய்ப் பெயரில், சுவிஸ் டாக்ஸி டிரைவர் என்று சொல்லி, பிரெஞ்சு அயல்நாட்டுப் படையில் சேர்ந்தார். மார்செய் துறைமுகத்தில், பாரிஸில் ஒரே கட்டடத்தில் குடியிருந்த தத்துவ அறிஞர் வால்டர் பெஞ்சமினைச் சந்தித்தார். மாட்டிக்கொண்டால் சாவதற்காகத் தான் வைத்திருந்த மார்ஃபின் மாத்திரைகளில் பாதியை பெஞ்சமின் அவருக்குக் கொடுத்தார். அந்த செப்டம்பரிலேயே ஸ்பெயின் எல்லையில் பெஞ்சமின் உயிரை மாய்த்துக்கொண்டார். கோஸ்லர் வட ஆப்பிரிக்கா, லிஸ்பன் என்று சுற்றி, நவம்பரில் அனுமதி இல்லாமலே இங்கிலாந்தில் போய் இறங்கினார். பிடித்து பென்டன்வில் சிறையில் போட்டார்கள். ஸ்பெயின், பிரான்ஸ், இப்போது இங்கிலாந்து. மூன்றாவது நாட்டுச் சிறை!

1940 டிசம்பரில் 'டார்க்னஸ் அட் நூன்' வெளிவந்தபோது அதன் ஆசிரியர் கம்பிக்குப் பின்னால்தான் இருந்தார். பைபிளின் யோபு புத்தகத்திலிருந்து அந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்ததும் டாஃப்னிதான்.

ஜார்ஜ் ஆர்வெல் விமர்சனம் எழுதினார். அவருடைய '1984' நாவலில் இதன் நிழல் உண்டு. போர் முடிந்து 1945-ல் பிரெஞ்சில் வந்தபோது 4 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 30-க்கும் அதிகமான மொழிகளில் வந்தது. எல்லாமே டாஃப்னியின் அவசர ஆங்கிலத்திலிருந்து பிறந்தவை. 1946-ல் ஜெர்மனில் வேண்டும் என்றபோது, தான் ஜெர்மனில் எழுதிய நாவலை, ஆங்கிலத்திலிருந்து கோஸ்லரே திரும்ப ஜெர்மனுக்கு மொழிபெயர்க்க வேண்டியிருந்தது! அதற்குள் அவர் ஆங்கில எழுத்தாளராகவே மாறியிருந்தார். 35 வயதுக்கு மேல் மொழியை மாற்றிக்கொள்வது எப்படிப்பட்ட காரியம், யோசித்துப் பாருங்கள்.

மூலப் பிரதி? 2015-ல் மத்தியாஸ் வெசல் என்ற ஜெர்மன் ஆராய்ச்சி மாணவர், சூரிச் நகர நூலகத்தில் ஒரு பதிப்பாளரின் பழைய காகிதங்களைத் துழாவினார். 'ருபஷோவ்' என்று தலைப்பிட்ட 326 பக்க தட்டச்சுப் பிரதி. 1940 மார்ச் தேதி. 75 வருடமாக அங்கேயேதான் இருந்திருக்கிறது! 2018-ல் ஜெர்மன் மூலம் அச்சானது. 2019-ல் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. பழைய மொழிபெயர்ப்பில் விசாரணைக் காட்சிகள் ஏதோ இங்கிலாந்து கோர்ட் மாதிரி மரியாதையாக இருந்தன. மூலத்தில் அவை இன்னும் கொடூரமானவை என்பது அப்போதுதான் தெரிந்தது.

*

இதோடு முடித்தால் கோஸ்லரை மகாத்மாவாக்கிவிடுவோம். அவர் அப்படி இல்லை.

ஒரு முகாமிலிருந்து வெளியே வந்தவர், எதிர் முகாமில் போய் உட்கார்ந்தார். 1950-ல் பெர்லினில் தொடங்கிய கலாசார சுதந்திர மாநாட்டில் அவர்தான் முக்கியக் குரல். அந்த அமைப்புக்குப் பணம் அமெரிக்க உளவுத்துறை சி.ஐ.ஏ.விடமிருந்து வந்தது என்பது 1967-ல் அம்பலமானது. இந்தியாவுக்கு வந்து போய் 1960-ல் எழுதிய 'தி லோட்டஸ் அண்ட் தி ரோபோ' புத்தகத்தில், காந்தியைப் பற்றி அவர் எழுதியது பிடிக்காமல் நம் அரசாங்கம் அதைத் தடை செய்தது. பெண்கள் விஷயத்தில் அவர் நடந்துகொண்ட விதம் அசிங்கமானது. 1951-ல் தன்னை வன்புணர்வு செய்தார் என்று திரைப்பட இயக்குநர் ஜில் கிரெய்கி வைத்த குற்றச்சாட்டு 1998-ல் புத்தகமாக வெளிவந்ததும், எடின்பரோ பல்கலைக்கழகத்தில் வைத்திருந்த அவருடைய சிலையைப் பார்வையிலிருந்து அகற்றினார்கள். 1983 மார்ச்சில் பார்க்கின்சனும் ரத்தப் புற்றும் முற்றிய 77 வயதில் அவர் தற்கொலை செய்துகொண்டபோது, 55 வயதான, ஆரோக்கியமாக இருந்த மனைவி சிந்தியாவும் கூடவே இறந்துபோனார். அவரைத் தடுத்திருக்க வேண்டாமா என்ற கேள்வி இன்றும் இருக்கிறது.

ஆனால், 41-ம் எண் அறையை மட்டும் அவர் மறக்கவே இல்லை. 1955-ல் மரண தண்டனையை ஒழிக்க இங்கிலாந்தில் இயக்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். பத்து வருடம் கழித்து, 1965-ல், கொலைக் குற்றத்துக்குத் தூக்கு நிறுத்தப்பட்டது. 1962-ல் சிறைக் கைதிகளின் ஓவியங்களுக்கும் எழுத்துக்கும் பரிசு தரும் திட்டத்தை ஆரம்பித்தார். அது அவர் பெயரிலேயே இன்றும் நடக்கிறது. சுவரில் கம்பியால் கணக்குப் போட்டவருக்கு, உள்ளே இருப்பவனுக்கு ஒரு காகிதம் என்ன அர்த்தம் என்று தெரியும்.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள் நம் ஊரில். கோஸ்லர் விஷயத்தில் கண் பொய் சொல்லவே இல்லை. பிளாட்பாரத்தில் நின்ற தாய் பொய் சொல்லவில்லை. அவருக்குள்ளே இருந்த ஏதோ ஒன்றுதான் அதைப் பொய்யாக்கியது. 1932-ல் அவர் பார்த்த அந்தக் குழந்தை, அவருடைய சுயசரிதையில் வந்து சேர்ந்தது 1954-ல். ஒரு ரயில் ஜன்னலிலிருந்து சுயசரிதையின் பக்கத்துக்கு வர 22 வருடம்.

நம் ஜன்னலுக்கு வெளியேயும் யாரோ எதையோ தூக்கிக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பதில் தயாராக வைத்திருக்கிறோமா, பார்க்கிறோமா?